உடைமையற்றோரின் உடைமை: பள்ளிச்சந்தம் முதல் அறக்கட்டளைப் பத்திரம் வரை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அமைந்த மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமைப் பதியாகும். மல்லிநாதர் ஆலயத்துப் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், தருமதேவி ஆகியோரின் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. பார்சுவநாதர் ஜினாலயம் உயர்ந்த கோபுரத்துடன் ஊரின் நடுவே நிற்கிறது. ஜினகாஞ்சி மடத்தில் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் திருப்பட்டம் வழிவழியாக வருகிறது. தேர்த்திருவிழாக் காலத்தில் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களிலிருந்தும், அங்கிருந்து சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலிருந்தும் சிராவகர்கள் இங்கே கூடுகின்றனர்.

இப்பதியின் சிற்பங்களையும் ஓலைச்சுவடிகளையும் பற்றி விழா மலர்களில் பலமுறை பேசப்பட்டுள்ளது. அச்சிற்பத்தின்முன் நாள்தோறும் விளக்கு எரிய எண்ணெய் எங்கிருந்து வந்தது, அச்சுவடியை எழுதியவர்க்கு உணவு எந்த வயலில் விளைந்தது என்னும் கேள்விகள் அத்துணை பேசப்படவில்லை. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவுத்தொழிலை மேற்கொண்ட மக்கள். அவர்தம் அறமும் பொருளும் நிலத்திலேயே வேர் கொண்டிருந்தன. அந்நிலத்தை அறத்தின் பொருட்டுப் பிணைத்தவை ஆவணங்கள். ஆவணத்தைப் படித்துப் பொருள் கூறிக் காத்தோர் அந்தந்தக் காலத்துச் சட்டம் அறிந்தோர். அவர்களது பணியின் வரலாறு, சமயத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

துறவும் நிலமும்

அபரிக்கிரகம் ஜைன அறத்தின் ஐந்து விரதங்களுள் ஒன்று. திகம்பர முனிவர் மயிற்பீலியும் கமண்டலமும் அன்றிப் பிறிதொன்றும் கொள்ளார். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்த செய்தியைப் பழந்தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. உடலையே உடைமையெனக் கருதாத அந்நெறியில், நிலத்துக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும்.

விடை இல்லறத்தாரிடம் உள்ளது. முனிவர்க்குரியது மகாவிரதம், சிராவகர்க்குரியது அணுவிரதம். இல்லறத்தார் பொருளை முற்றத் துறப்பதில்லை, அளவு வகுத்துக்கொள்கின்றனர். அளவுக்கு மேற்பட்டது தானத்துக்குரியது. முனிவர் எதையும் உடைமையாகக் கொள்ளாத காரணத்தால், பள்ளிக்கும் ஜினாலயத்துக்கும் வேண்டிய நிலத்தை இல்லறத்தாரே பிறர்பொருட்டுக் காக்க வேண்டியதாயிற்று. தமக்கென நுகராமல் பிறர்க்கெனப் பேணும் இந்நிலையையே இக்காலச் சட்டம் ‘அறங்காவலர்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. மடத்தின் சொத்தையும் சுவடியையும் பொறுப்பேற்றுப் பேணும் பட்டாரகர் மரபு வளர்ந்ததற்கும் இத்தேவையே ஒரு காரணம்.

பள்ளிச்சந்தம் என்னும் நில உரிமை

சமணப் பள்ளிக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. பிராமணர்க்கு விடப்பட்டது பிரமதேயம். கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம். இவற்றைப் போலவே பள்ளிச்சந்தமும் அரசின் வருவாய்க் கணக்கில் தனி வகையாக இடம்பெற்ற நில உரிமை. திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த பள்ளன்கோயிலில் கிடைத்த செப்பேடு இதற்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்திக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியை அது கூறுகிறது.

பல்லவ, சோழச் செப்பேடுகள் காட்டும் நடைமுறை இன்றைய பத்திரப்பதிவு முறைக்கு ஒப்பானது. முதலில் அரசனது திருமுகம் நாட்டார்க்கு வரும். நாட்டார் அதனை எதிர்சென்று வணங்கித் தலைமேற் கொள்வர். பின்னர்ப் பிடியானையை நடத்தி நிலத்தின் நாற்பால் எல்லையையும் ஊரறியக் காண்பர். எல்லை நெடுகிலும் கல்லும் கள்ளியும் நாட்டுவர். இறுதியில் அறையோலை எழுதி, உரியோர் கையெழுத்திடுவர். அரசாணை, அளவை, எல்லைக்கல், ஆவணம், சாட்சி என இன்று நாம் அறிந்த ஐந்தும் அன்றே இருந்தன. எழுதும் கணக்கரும் எல்லை அறிந்த ஊராரும் அக்காலத்தின் நிலச் சட்ட வல்லுநர் எனலாம்.

ஆவணம் இருந்தும் அறம் குறைவுபடக்கூடும் என்பதற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. ஆற்காட்டுப் பகுதியில் விளாப்பாக்கத்தை அடுத்த பஞ்சபாண்டவர் மலைக்குப் பழம்பெயர் திருப்பான்மலை. அங்குள்ள முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கூரகன்பாடி என்னும் பள்ளிச்சந்த ஊரைப் பற்றியது. முன்னிருந்த இலாட அரசர் அவ்வூரின் கற்பூரவிலை என்னும் வருவாயைத் தாம் எடுத்துக்கொண்டதனால் பள்ளிச்சந்தம் குன்றியது. சிற்றரசன் இலாடராசன் வீரசோழன் தன் தேவியுடன் அம்மலைத் தெய்வத்தை வழிபட வந்தபோது, தேவி இக்குறையை எடுத்துரைத்து வேண்டினாள். அரசன் கற்பூரவிலையையும், ‘அந்நியாயவாவதண்ட இறை’ என்று கல்வெட்டே குறிக்கும் வரியையும் விலக்கி, அவ்வருவாயைப் பள்ளிக்கே மீட்டளித்தான். அறநிலத்துக்காக ஒரு பெண் அரசனிடம் தொடுத்த வழக்கு என்றே இதனைக் கொள்ளலாம். வரியின் பெயரிலேயே அநியாயம் என்னும் சொல் பதிந்திருப்பது கருதத்தக்கது.

நிலத்தோடு பொன்னும் காசும் அறமுதலாயின. பழனி வட்டாரத்து ஐவர்மலையில், சகம் 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடியவர் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததைக் கூறுகிறது. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயத்துக்கு, முதலாம் இராசேந்திரனின் ஆட்சிக்காலத்தில், நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வழங்கினார்.

இக்கொடைகளின் உள்ளமைப்பு எளியது. முதல் குறையக் கூடாது. அதன் வட்டியிலிருந்தே விளக்கெரிய வேண்டும். அக்காலத்தில் இத்தகைய முதலை ஊர்ச்சபையோ, வணிகரோ, உழவரோ ஏற்றுக்கொண்டு, அதனை ஏரிக்கும் வயலுக்கும் வாணிகத்துக்கும் பயன்படுத்தி, ஆண்டுதோறும் நெல்லாகவோ எண்ணெயாகவோ வட்டி செலுத்துவது வழக்கம். ஒரே காசு ஜினாலயத்துக்கு விளக்கும் ஊருக்கு மூலதனமும் ஆயிற்று. சமுதாயப் பொருளாதார மேம்பாடு என்று இன்று பேசப்படுவதன் முன்வடிவம் இதுவே.

விசயநகரக் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1382இல் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை வழங்கினார். மேல்சித்தாமூர் மடம் தன் பெயரில் ஜினகாஞ்சியைத் தாங்கி நிற்பது அத்திருப்பருத்திக்குன்றத்துடன் உள்ள உறவினாலேயே.

மக்கள் பிரிந்தால் உரிமை தளரும்

செஞ்சி வட்டாரச் சமணரிடையே வழங்கும் மரபுச் செய்தி ஒன்று, 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் பதிவு பெற்றுள்ளது. 15ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட ஒரு தலைவனின் சினத்துக்கு அஞ்சிச் சமணர் பலர் தம் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தனர் என்றும், தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றார் என்றும், வீரசேனாசாரியார் சிரவணபெளகுளம் சென்றார் என்றும், பின்னர் அவர்கள் திரும்பி வந்து மக்களை மீண்டும் நெறிப்படுத்தினர் என்றும் அம்மரபு கூறுகிறது.

மரபுச் செய்தியே ஆயினும் அது உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நிலம் ஓரிடத்திலேயே கிடக்கும். மக்கள் பெயர்ந்து செல்வர். உரியோர் ஊரில் இல்லாத தலைமுறையில் எல்லைக்கல் பெயரும், அறையோலை தொலையும், குத்தகை கொண்டவர் உரிமை கொண்டாடுவர். தமிழகமெங்கும் சமணர் வாழாத ஊர்களில் வயலிடையே தனித்து நிற்கும் தீர்த்தங்கரர் திருமேனிகள் இதற்குச் சாட்சி.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆவணத்தின் வலிமை முன்னிலும் பெருகியது. சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி சமய அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தால் அரசு அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. இடையே 1858இல் அமைந்த இனாம் ஆணையம் ஊர்தோறும் சென்று, இறையிலி நிலத்தை அனுபவிப்போரிடம் உரிமைக்குச் சான்று கேட்டது. சான்று காட்டியவர்க்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. அவ்விவரம் இனாம் பதிவேட்டில் ஏறியது. அப்பதிவேட்டின் சான்று மதிப்பு மிகப் பெரிது என்று 1919இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கல்வெட்டு வரலாற்றுக்குச் சான்றாக இருக்கலாம். வழக்கு மன்றத்தில் பதிவேடே முதலில் பேசும் என்னும் நிலை அன்று உருவாயிற்று. அதனைப் பேச வைக்கும் வழக்கறிஞர் என்னும் புதிய வகுப்பும் தோன்றியது.

வீர்சந்த் காந்தி: சமுதாயத்தின் வழக்கறிஞர்

அவ்வகுப்பில் ஜைன சமுதாயம் முழுவதும் நன்றியுடன் நினைக்க வேண்டியவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் ஜைன நெறியின் பேராளராகப் பேசியவர் என்றே அவரைப் பலர் அறிவர். அதற்கு முன்னரே அவர் நில உரிமை வழக்குகளில் பழுத்த அனுபவம் பெற்றிருந்தார். குஜராத்தில் மகுவா என்னும் ஊரில் 1864 ஆகஸ்டு 25இல் பிறந்த அவர், பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 21 வயதில், இந்திய ஜைன சங்கத்தின் மதிப்புறு செயலாளர் ஆனார்.

அவர் கைக்கு வந்த முதற்பெரும் சிக்கல் பாலிதானா. சத்ருஞ்சய மலைக்குச் செல்லும் யாத்திரிகரின் பாதுகாப்புக்கென, அப்பகுதியின் சிற்றரசருக்கு ஆண்டுத் தொகை செலுத்தும் ஏற்பாடு முன்பே இருந்தது. 1821இல் 4,000 ரூபாயாக இருந்த தொகை 1863இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பின்னர்ச் சிற்றரசர் தலைக்கு 2 ரூபாய் வரி விதிக்க முற்பட்டபோது பூசல் முற்றியது. வீர்சந்த் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும், கத்தியவாரின் அரசியல் அதிகாரி கர்னல் வாட்சனையும் கண்டு வழக்கை எடுத்துரைத்தார். 1886இல் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என 40 ஆண்டுகளுக்கு உடன்படிக்கை ஏற்பட்டது. தலைவரி நீங்கியது. ஏழை யாத்திரிகர் தனித்தனியே சோதிக்கப்படும் இழிவு ஒழிந்து, சமுதாயம் ஒன்றாகத் தொகை செலுத்தும் முறை நிலைத்தது.

இரண்டாவது, சம்மேத சிகரம். 20 தீர்த்தங்கரர் முத்தி பெற்ற அம்மலை தமிழ்ச் சமணர் நாள்வழிபாட்டிலும் நினைக்கும் தலம். 1891இல் பாடம் என்னும் ஆங்கிலேயர் அங்கே பன்றிக்கொழுப்பு எடுக்கும் தொழிற்கூடம் அமைத்தார். வீர்சந்த் கல்கத்தா சென்று ஆறு மாதம் தங்கினார். மலையின் உரிமை பற்றிய பழைய ஆவணங்கள் வங்காள மொழியில் இருந்தன. பிறர் மொழிபெயர்ப்பை நம்பாமல் அவரே வங்காளம் கற்று அவற்றைப் படித்தார். மலையின் புனிதம் என்னும் உணர்ச்சியை, மலையின் மீதுள்ள உரிமை என்னும் சட்ட வாதமாக வடித்தெடுத்தார். இறுதியில் தொழிற்கூடம் அகன்றது.

அதே காலத்தில் அவர் பம்பாயில் சொலிசிடர் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய இளைஞர் மோகன்தாஸ் காந்திக்கு அவர் நண்பரானார். ஃபெரோஸ்ஷா மேத்தாவின் வெற்றிக்குச் சாட்சியச் சட்டத்தில் அவருக்கிருந்த ஆழ்ந்த புலமையே காரணம் என்றும், ஒரு பாரிஸ்டர் தொழிலில் காலூன்றப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்றும் வீர்சந்த் கூறியதைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். சொல்வன்மையினும் சான்றறிவே வழக்கறிஞரின் வலிமை என்பது வீர்சந்தின் கருத்து என இதனால் அறியலாம்.

அவர் பணி வழக்கோடு நிற்கவில்லை. 1896, 1897 ஆண்டுகளின் பஞ்சத்தின்போது அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் தானியமும் ஏறத்தாழ 40,000 ரூபாயும் இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தார். இந்தியப் பெண்களின் கல்விக்காக அங்கே ஒரு சங்கம் அமைத்தார். 1901 ஆகஸ்டு 7இல், 37 வயது நிறைவதற்குள், அவர் மறைந்தார். அவர் சுவேதாம்பரப் பிரிவினர். தமிழ்ச் சமணர் திகம்பரர். எனினும் சிகரத்தைக் காத்த பணியின் பயன் இரு பிரிவினர்க்கும் பொதுவாயிற்று.

வெற்றிக்குப் பின் வந்தவை

வீர்சந்த் முடித்த இரு வழக்குகளின் பிற்கால வரலாறு இன்றைய அறங்காவலர்க்குப் பாடமாக அமைவது. பாலிதானா உடன்படிக்கையின் 40 ஆண்டுத் தவணை 1926இல் முடிந்தது. சிற்றரசர் மீண்டும் தலைவரி விதிக்க முனைந்தார். ஜைனர் இரண்டாண்டு காலம் யாத்திரையையே நிறுத்தி அறவழியில் எதிர்த்தனர். 1928இல் வைசிராய் இர்வின் பிரபு முன்னிலையில், ஆண்டுக்கு 60,000 ரூபாய் என 35 ஆண்டுகளுக்குப் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. தொகை நான்கு மடங்காயிற்று. எந்த உடன்படிக்கைக்கும் முடிவுநாள் உண்டு. அந்நாள் வருமுன் அடுத்த ஏற்பாட்டுக்கு ஆயத்தமாக வேண்டும்.

சம்மேத சிகரத்தில் வேறு வகையான துன்பம் விளைந்தது. 1918இல் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளை பால்கஞ்ச் அரசரிடமிருந்து மலையை விலைக்கு வாங்கியது. அங்கு வழிபாட்டு உரிமை பற்றித் திகம்பரர்க்கும் சுவேதாம்பரர்க்கும் இடையே நிகழ்ந்த வழக்கு 1933இல் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வழிபாட்டுக்கான இடையூறு நீடிக்கும் வரை வழக்குரிமையும் நாள்தோறும் புதிதாகப் பிறக்கும் என்னும் கோட்பாட்டுக்கு அத்தீர்ப்பு இன்றும் மேற்கோளாக விளங்குகிறது. சட்ட உலகுக்கு நல்ல கோட்பாடு கிடைத்தது. சமுதாயத்தின் பொருளோ ஒரே தீர்த்தங்கரரை வணங்கும் இரு சாராரின் வழக்குச் செலவாகக் கரைந்தது. பின்னர் 1950ஆம் ஆண்டுப் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன் உரிமைகளை அரசுக்கு மாற்றியபோது, அவ்விலைப்பத்திரத்தின் பயனும் வழக்குக்கு உள்ளாயிற்று. வழக்கிட வேண்டிய இடத்தில் வழக்கிடுதலும், உடன்பட வேண்டிய இடத்தில் உடன்படுதலும் ஒருங்கே அறிந்தவரே நல்ல வழக்கறிஞர். மாற்றார் கூற்றிலும் ஒரு பக்க உண்மை உண்டு என்னும் அநேகாந்தம் வழக்கு மன்றத்துக்கும் பொருந்துவதே.

குடும்பச் சொத்தும் ஜைனச் சட்டமும்

அறநிலம் பெரும்பாலும் குடும்ப நிலத்திலிருந்து பிரிந்து வருவது. ஆகவே குடும்பச் சொத்து பற்றிய சட்டமும் அறத்தோடு தொடர்புடையது. ஜைனர்க்கெனத் தனி வழக்காறு உண்டா என்பது 19ஆம் நூற்றாண்டில் மன்றங்களில் எழுந்த கேள்வி. 1878இல் பிரிவி கவுன்சில், கணவரின் முன்னனுமதி இல்லாமலே மகவேற்கும் உரிமை ஜைனக் கைம்பெண்ணுக்கு உண்டு என்னும் வழக்காற்றை ஏற்றது. ஜுக்மந்தர்லால் ஜைனி 1916இலும், பாரிஸ்டர் சம்பத் ராய் ஜைன் 1926இலும் ஜைனச் சட்டம் பற்றிய நூல்களை வெளியிட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் கட்டெப்பா எதிர் எரம்மா என்னும் வழக்கில் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி, ஜைனம் இந்து சமயத்திலிருந்து பிரிந்த கிளையன்று, தொன்மையான தனித் தோற்றம் உடையது என்னும் ஆராய்ச்சி முடிவின்பால் தம் கருத்தைச் சாய்த்தார். எனினும் முன்தீர்ப்புகள் காரணமாக, வழக்காறு மெய்ப்பிக்கப்படாத இடத்தில் இந்துச் சட்டமே செல்லும் என்னும் நிலை மாறவில்லை.

1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் ஜைனரையும் உள்ளடக்கியது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கின. இதன் நடைமுறைப் பொருளை அறங்காவலர் உணர வேண்டும். ஜினாலயத்துக்கு நிலம் எழுதி வைக்கும் குடும்பத்தில், மணமாகிச் சென்ற பெண்களும் பங்குடையோராயின் அவர்களும் கையெழுத்திட வேண்டும். திருப்பான்மலைக் கல்வெட்டிலும் திருமலைக் கல்வெட்டிலும் பெண்டிர் அறத்தை நிலைநாட்டியோராக நிற்பதை நினைந்தால், இது சமுதாயத்துக்குப் புதிய மரபன்று.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் தன் சமய அலுவல்களை நடத்தவும், சொத்தை ஈட்டவும், அதனைச் சட்டப்படி நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. இவ்வுரிமையின் எல்லையை வரையறுத்த தொடக்கத் தீர்ப்புகளுள் ஒன்று ஜைனர் தொடுத்த வழக்கில் பிறந்தது. 1950ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்த ரதிலால் பானாசந்த் காந்தி வழக்கில், 1954இல் உச்சநீதிமன்றம் இரு கருத்துகளை நிலைநாட்டியது. அறச்சொத்தின் நிர்வாகத்தை அரசு சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். நிர்வாக உரிமையையே முழுவதும் பறித்தல் கூடாது. ஒரு சமய நோக்கத்துக்கென வைக்கப்பட்ட முதலை, அந்நோக்கம் நிறைவேறக்கூடிய நிலையில் இருக்கும்போது, வேறு நோக்கத்துக்குத் திருப்புதலும் கூடாது.

தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், இந்து சமய நிறுவனங்கள் என்னும் சொல்லில் ஜைன நிறுவனங்கள் அடங்கா என்று விளக்கம் தந்தது. அறிவிக்கையின் மூலம் அவற்றுக்கும் சட்டத்தை விரிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பம்பாயில் உள்ளது போன்ற பொது அறக்கட்டளை ஆணையர் அமைப்பு தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே ஜைன அறக்கட்டளைகள் தம் பத்திரத்தின் வாசகத்தையும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவையும் பெரிதும் சார்ந்துள்ளன. அறக்கட்டளையில் அக்கறை உடைய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ, மன்றத்தின் அனுமதியுடன், நிர்வாகம் சீர்பெற வழக்கிட அப்பிரிவு இடந்தருகிறது.

நிலச் சட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்க்குப் பாதுகாப்பளித்தது. 1961ஆம் ஆண்டின் 57ஆம் சட்டம் பொது அறக்கட்டளைகளின் வேளாண் நிலக் குத்தகையை ஒழுங்குபடுத்தியது. 1963ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரிப் பட்டாவாக மாற்றியது. இம்மாற்றத்தின்போது உரிய அலுவலர் முன் சென்று உரிமையை நிறுவிய அறக்கட்டளைகள் பட்டா பெற்றன. அவ்வாறு செல்லத் தவறினோர் நிலத்தை இழக்கும் இடர் ஏற்பட்டது. உழுபவர்க்குச் சட்டம் தந்த பாதுகாப்பு நியாயமானது. அதனைக் குறையாகக் கருதுதல் அறமன்று. உழுபவரின் பாதுகாப்பும் ஜினாலயத்தின் உரிமையும் ஒரே பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இரு தரப்பும் அமைதி பெறும்.

இன்று ஆற்ற வேண்டியவை

கல்வியும் வேலையும் நாடித் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நகரங்களுக்குச் சென்றுவிட்டன. சில வீடுகளே எஞ்சிய ஊர்களில் ஜினாலயத்தின் நிலத்தை அறிந்தவர் முதியவர் ஒருவராகவே இருக்கக்கூடும். செஞ்சி மரபுச் செய்தியில் அச்சத்தால் நேர்ந்த குடிப்பெயர்வு இன்று முன்னேற்றத்தின் பொருட்டு நேர்கிறது. நிலத்துக்கு விளையும் இடர் இரண்டிலும் ஒன்றே. சொத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் எதிரிடையாக அனுபவித்தால் உரிமையே கேள்விக்குள்ளாகும் என்பது காலவரம்புச் சட்டத்தின் பொதுவிதி.

ஆகவே ஒவ்வோர் ஊர் ஜினாலயமும் தன் நிலத்தின் ஆவணங்களை ஓரிடத்தில் திரட்டுதல் முதற்கடமை. மூலப்பத்திரம், இனாம் பதிவேட்டின் சான்றிட்ட நகல், பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவை அத்தொகுப்பில் இருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் உள்ளது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்னோர் காலத்தில் தருமகர்த்தாவின் தனிப்பெயரில் ஏறிய பட்டா, அவர் வாரிசுகளின் குடும்பச் சொத்தென மயங்கப்படலாம். உரிய நேரத்தில் ஜினாலயத்தின் பெயருக்கு மாற்றிக்கொண்டால் வழக்கும் மனக்கசப்பும் தவிரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு பெற வேண்டும். தவணை முடிவுநாள் ஏட்டில் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். பாலிதானாவின் 1926ஆம் ஆண்டு இதற்கு எச்சரிக்கை.

அடுத்த கடமை, காத்த நிலத்தை மக்கள் வாழ்வுக்குப் பயன்படச் செய்தல். பம்பாயின் சேட் மாணிக்சந்த் ஹீராசந்த் தம் செல்வத்தை ஜைன மாணவர் விடுதிகளாக மாற்றினார். அவ்விடுதிகளில் தங்கிக் கற்ற திகம்பர மாணவர் பலர். இன்று அரசின் துணையும் உண்டு. 2014 சனவரியில் ஜைனர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் தொழிலுக்கும் கல்விக்கும் கடனுதவி வழங்குகிறது. விண்ணப்பிக்கச் சான்றிதழும் ஆவணமும் வேண்டும். ஊரிலுள்ள சிறு உழவர்க்கும் கைம்பெண்களுக்கும் அவற்றைப் பெற்றுத் தருவது, சட்டம் பயின்ற இளைஞர் ஒருவர் தம் ஓய்வு நாளில் ஆற்றக்கூடிய சேவை.

சமுதாயத்தில் பொறியாளரும் மருத்துவரும் ஆசிரியரும் பெருகியுள்ளனர். நிலச் சட்டம் பயின்று, ஊர்ப் பதிவேட்டைப் படிக்கும் பொறுமையுடன் அறச்சொத்துக்கெனத் தொழிலாற்றுவோரும் தேவை. அத்தொழிலில் ஆரவாரமோ பெருவருவாயோ குறைவு. வங்காளம் கற்க ஆறு மாதம் செலவிட்ட வீர்சந்துக்கும், அறையோலையில் எல்லை நான்கையும் பிழையின்றி எழுதிய பெயர் தெரியாக் கணக்கருக்கும் கிடைத்த மனநிறைவு அவர்களுக்கும் கிடைக்கும்.

இவ்வாண்டுத் தேர்த்திருவிழாவுக்கு மேல்சித்தாமூர் வரும் குடும்பங்கள், தம் வீட்டுப் பெட்டியில் ஜினாலயம் பற்றிய பழைய பத்திரமோ பட்டயமோ குத்தகைச் சீட்டோ இருப்பின், அதன் நகலைத் தத்தம் ஊர் அறங்காவலரிடம் சேர்ப்பித்தல் நன்று. எல்லைக் கல்லும் கள்ளியும் நாட்டிய முன்னோர் தம் பங்கை முடித்துவிட்டனர். எழுதியதைப் படித்துக் காக்கும் பங்கு இத்தலைமுறைக்குரியது.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!